இழக்க ஒன்றுமில்லை என்பவர்களுக்கு

டென்னிஸ் இறுதிப் போட்டியில் உலகின் முதல்நிலை வீரரைத் தரநிலை (போட்டி தொடங்கும் முன்பே முன்னணி வீரர்களுக்குத் தரப்படும் வரிசை எண், seed) பெறாத ஒரு புதுமுகம் எதிர்கொள்ளும்போதெல்லாம் வர்ணனையாளர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "இவருக்கு இழக்க ஒன்றுமில்லை, நெருக்கடி முழுவதும் சாம்பியனுக்குத்தான்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தின் ஆயுள் புதுமுகம் பின்தங்கியிருக்கும் வரைதான் என்பது என் கருத்து. அவர் முன்னிலை பெற்ற அந்த நிமிடத்திலேயே அவருக்கும் இழப்பதற்கு ஒன்று வந்துவிடுகிறது. வாழ்நாளில் அதுவரை அவர் கையில் வைத்துப் பழகாத ஒன்று அது. அதற்குப் பிறகு களத்தில் நடப்பது முற்றிலும் வேறொரு ஆட்டம்.

நான் சொல்வதற்கு 2006 ஜனவரி 29 அன்று மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் ஆடவர் இறுதிப் போட்டியைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஒரு பக்கம் ரோஜர் ஃபெடரர். அதுவரை ஆடிய ஆறு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு மிகப்பெரிய போட்டிகள்) இறுதிகளிலும் வென்றவர், முந்தைய ஆண்டின் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் பட்டங்களையும் கையில் வைத்திருந்தவர். மறுபக்கம் மார்கோஸ் பக்தாதிஸ், வயது 20, தரவரிசையில் 54. ஏடிபி எனப்படும் ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சுற்றில் பட்டம் ஒன்றைக்கூட அதுவரை வென்றிருக்கவில்லை. சைப்ரஸ் என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு வந்த முதல் ஆள். மெல்போர்னில் வாழும் கிரேக்க வம்சாவளியினர் அந்த இரண்டு வாரங்களும் கொடிகளோடும் கோஷங்களோடும் அரங்கத்தை நிறைத்ததையும், தாடியும் சிரிப்புமாக அந்த இளைஞர் ஒவ்வொரு சுற்றையும் கடந்து வந்ததையும் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவரை எங்கிருந்தோ வந்து குதித்தவர் போலச் சித்தரித்தது மட்டும் எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. பதின்பருவத்திலேயே வீட்டைப் பிரிந்து பிரான்சில் பயிற்சி பெற்றவர் பக்தாதிஸ். 2003-ல் இதே மெல்போர்னில் இளையோர் பட்டத்தை வென்றவர். 2005-ல் இதே போட்டியின் நான்காவது சுற்று வரை வந்து இதே ஃபெடரரிடம் தோற்றவர். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு, அவ்வளவே. 54 என்ற எண் ஒருவருடைய ஓராண்டைச் சொல்லுமே தவிர, அந்த இரண்டு வாரங்களில் அவர் எப்படிப் பந்தடிக்கிறார் என்பதைச் சொல்லாது.

தரநிலை இல்லாமல் வருவதன் உண்மையான விலையைப் பற்றியோ யாரும் அதிகம் பேசுவதில்லை. 2001 விம்பிள்டன் முதல் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் 32 பேருக்குத் தரநிலை வழங்கப்படுகிறது. அந்த 32 பேரும் மூன்றாவது சுற்று வரை ஒருவரோடு ஒருவர் மோத வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அந்தக் குடை கிடையாது. முதல் சுற்றிலேயே யார் வேண்டுமானாலும் எதிரே வந்து நிற்கலாம். பக்தாதிஸ் இரண்டாவது சுற்றில் ஸ்டெபானெக்கை ஐந்து செட் ஆடி வென்றார். நான்காவது சுற்றில் இரண்டாம் தரநிலையிலிருந்த ஆண்டி ராடிக், காலிறுதியில் ஏழாம் தரநிலையிலிருந்த லூபிசிச், அதுவும் ஐந்து செட். அரையிறுதியில் நான்காம் தரநிலையிலிருந்த நல்பாண்டியனிடம் முதல் இரண்டு செட்களை 3-6, 5-7 என்று பறிகொடுத்து, அடுத்த மூன்றையும் 6-3, 6-4, 6-4 என்று கைப்பற்றினார். இறுதிக்கு வந்து நின்றபோது அவர் கால்களில் மூன்று ஐந்து செட் ஆட்டங்களின் களைப்பு இருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, இறுதி ஆட்டத்தின் கடைசியில் அவருக்குத் தசைப்பிடிப்பு வந்ததை அனுபவமின்மையின் அடையாளமாகப் பேசுவது அநியாயம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். முதல் செட்டை 7-5 என்று பக்தாதிஸ் வென்றார். அந்தச் செட்டில் மேற்சொன்ன வாக்கியம் நூற்றுக்கு நூறு உண்மையாகத்தான் இருந்தது. பின்கோட்டை விட்டு இறங்காமல், பந்து எழும்பும்போதே அதை அடித்து, ஃபெடரருக்கு யோசிக்க அவகாசம் கொடுக்காமல் ஆடினார். ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் போட்டி முழுவதுமே ஃபெடரர் தன் உச்சத்தில் இல்லை என்பதும் உண்மை. நான்காவது சுற்றில் டாமி ஹாஸ் அவரை ஐந்து செட் வரை இழுத்தார், டவிடென்கோவும் கீஃபரும் ஆளுக்கொரு செட் பறித்தார்கள். இரண்டாவது செட்டின் தொடக்கத்திலேயே பக்தாதிஸ் மீண்டும் ஃபெடரருடைய சர்வீசை முறியடித்து, அதாவது ஃபெடரர் சர்வ் செய்த கேமைத் தானே வென்று, முன்னிலை பெற்றார்.

ஒரு செட் முன்னிலை, இரண்டாவதிலும் முன்னிலை. தரநிலை பெறாத அந்த 20 வயது இளைஞருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று அந்த நேரத்தில் யாராவது சொல்ல முடியுமா? உலகின் முதல்நிலை வீரரை, அதுவரை எந்த கிராண்ட்ஸ்லாம் இறுதியிலும் தோற்றிராத ஒருவரை, தோற்கடிக்கும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கிருந்துதான் அவருடைய ஆட்டத்தில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. பயந்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் செட்டில் கோட்டை ஒட்டி விழுந்துகொண்டிருந்த பந்துகள் கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே விழத் தொடங்கின. மற்ற எவருக்கு எதிராகவும் அந்த இரண்டடி பெரிய விஷயமில்லை. ஃபெடரருக்கு அந்த இரண்டடி போதும். அவர் இழந்த சர்வீசைத் திரும்பப் பெற்றார், செட் 5-5 என்று சமமானது. அடுத்த இரண்டு கேம்களும் ஃபெடரருக்கு. மூன்றாவது செட் 6-0. நான்காவதில் முதல் மூன்று கேம்களும் அவருக்கே. தொடர்ச்சியாகப் பதினொரு கேம்கள். ஆட்டம் 5-7, 7-5, 6-0, 6-2 என்று முடிந்தது.

இந்தப் பதினொரு கேம்களைத் திறமையின் வித்தியாசம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், முதல் செட்டை நாம் பார்க்கவே இல்லை என்றாகிவிடும். மோசமாக ஆடும் நாளிலும் ஆட்டத்தில் நீடிப்பது எப்படி என்று ஃபெடரருக்குத் தெரிந்திருந்தது. ஒரு செட்டை இழந்தபின் தன் ஆட்டத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை, எதிராளி தன் முன்னிலையின் பாரத்தை உணரும் வரை பந்தைக் களத்துக்குள் வைத்திருந்தால் போதும் என்பது பலமுறை கோப்பை தூக்கியவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் அறிவு. சாம்பியனுக்கு நெருக்கடி இல்லை என்று நான் வாதிடவில்லை. கோப்பையை ஆஸ்திரேலியாவின் முன்னாள் ஜாம்பவான் ராட் லேவர் கையிலிருந்து வாங்கியபோது ஃபெடரர் பேச முடியாமல் தேம்பி அழுதார். அந்த அழுகைக்கு லேவர் மீதிருந்த மரியாதை ஒரு காரணமாக இருக்கலாம். 'தோற்கவே கூடாத' ஒரு போட்டியில் தோல்வியின் விளிம்பு வரை போய்த் திரும்பியதும் காரணம் என்றே எனக்குப் படுகிறது. இருவருக்குமே நெருக்கடி இருந்தது. ஒருவர் அதற்குள் ஏழாவது முறையாக வாழ்ந்துகொண்டிருந்தார், மற்றவர் முதல் முறையாக அதைச் சந்தித்தார்.

'இழக்க ஒன்றுமில்லாத' நிலை கடைசி வரை நீடித்தால் அதுவாவது புதுமுகத்துக்கு உதவுமா என்று கேட்கலாம். 1997 அமெரிக்க ஓபன் மகளிர் இறுதி அதற்கும் பதில் சொல்கிறது. அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட ஆர்தர் ஆஷ் அரங்கில், முதல்நிலை வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ், தரவரிசையில் 66-வது இடத்திலிருந்த வீனஸ் வில்லியம்ஸை 6-0, 6-4 என்று வென்றார். இதில் வேடிக்கை, சாம்பியனைவிடப் புதுமுகம் மூன்று மாதம் மூத்தவர்: ஹிங்கிஸுக்கு வயது 16, வீனஸுக்கு 17. அரையிறுதியில் இரினா ஸ்பிர்லியாவுக்கு எதிராக இரண்டு மேட்ச் பாயிண்டுகளை (எதிராளி வெல்ல ஒரே ஒரு புள்ளி மீதமிருக்கும் நிலை) காப்பாற்றி வந்த வீனஸுக்கு, இறுதியில் பற்றிக்கொள்ள ஒரு முன்னிலைகூடக் கிடைக்கவில்லை. அவருடைய வேகத்தை ஹிங்கிஸ் கோணங்களால் கரைத்தார். இழக்க ஒன்றுமில்லாமலேயே ஆடினார் வீனஸ், ஒன்றும் பெறாமலேயே தோற்றார். அதே ஆண்டு ஜனவரியில், பின்னாளில் 2004, 2005 சென்னை ஓபன் பட்டங்களால் நமக்கு நெருக்கமான கார்லோஸ் மோயாவும், நடப்புச் சாம்பியன் பெக்கரை முதல் சுற்றிலும் மைக்கேல் சாங்கை அரையிறுதியிலும் வீழ்த்திவிட்டு வந்து, ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் சாம்ப்ராஸிடம் நேர் செட்களில் விழுந்தார். தரவரிசையில் மோயா அப்போது 25. இன்றைய 32 பேர் முறையில் அவர் தரநிலை பெற்ற வீரராகவே இருந்திருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

புதுமுகங்கள் வென்ற இறுதிகளும் இருக்கின்றனவே என்று பின்னூட்டத்தில் வருவார்கள் என்பது தெரியும். இருக்கின்றன. ஆனால் அவர்கள் யாரை வென்றார்கள் என்று பாருங்கள். 1985 விம்பிள்டனில் பெக்கர் வென்றது எட்டாம் தரநிலையிலிருந்த கெவின் கரனை. 2004 பிரெஞ்சு ஓபனில் காஸ்டன் காடியோ வென்றது மூன்றாம் தரநிலையிலிருந்த கோரியாவை. 2017 பிரெஞ்சு ஓபனில் ஒஸ்டாபென்கோ வென்றது ஹாலெப்பை, 2023 விம்பிள்டனில் வோண்ட்ரூசோவா வென்றது ஜபேரை. அந்த நாள் வரை கரன், கோரியா, ஹாலெப், ஜபேர் ஆகிய நால்வரில் ஒருவர்கூட ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றிருக்கவில்லை. கோரியா முதல் இரண்டு செட்களை 6-0, 6-3 என்று வென்று, ஐந்தாவது செட்டில் இரண்டு மேட்ச் பாயிண்டுகள் வரை போய்த் தோற்றார். ஹாலெப் ஒரு செட்டும் 3-0-வும் முன்னிலையில் இருந்தார். முன்னிலையின் பாரம் தரவரிசை பார்த்து வருவதில்லை என்பதற்கு இந்த இரண்டு ஆட்டங்களே போதும். விதிவிலக்குகளும் உண்டு: பிரெஞ்சு ஓபனில் 1982-ல் வில்லாஸை வென்ற விலாண்டரும், 1997-ல் புருகேராவை வென்ற கூர்டெனும், முன்பே அதே பாரிசில் பட்டம் வென்றவர்களைத்தான் வீழ்த்தினார்கள். ஆகவே இதை ஒரு விதியாக நான் முன்வைக்கவில்லை. எதிரே நிற்பவரின் தரவரிசை எண்ணைவிட, இறுதிப் போட்டிகளை வென்று முடித்த பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்கிறேன்.

2023 பிரெஞ்சு ஓபன் மகளிர் இறுதியில் இதையே இன்னும் நெருக்கமாகப் பார்க்க முடிந்தது. முதல்நிலை வீராங்கனை இகா ஸ்வியாடெக், எதிரே தரநிலை பெறாத கரோலினா முச்சோவா. 26 வயதான முச்சோவாவைப் புதுமுகம் என்பது சரியில்லை, ஆனாலும் அது அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் இறுதி. 2-6, 0-3 என்று பின்தங்கியிருந்த வரை எல்லோரும் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தோம். அங்கிருந்து அவர் வலைக்கு ஏறி வந்தும், பந்தை வெட்டி வேகம் குறைத்தும், ஸ்வியாடெக்கின் தாளத்தைக் குலைத்து இரண்டாவது செட்டை 7-5 என்று வென்றார். மூன்றாவது செட்டில் 2-0 முன்னிலை. பிறகு 4-3 முன்னிலை. அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. சாம்பியன்ஷிப் புள்ளியில் அவர் செய்த இரட்டைத் தவறோடு (இரண்டு சர்வுகளும் தவறிப்போவது) ஆட்டம் முடிந்தது. ஸ்வியாடெக்கும் ஒருகாலத்தில் இந்த இடத்தில் நின்றவர்தான். 2020-ல் அதே களத்தில், பக்தாதிஸைப் போலவே தரவரிசையில் 54-வது இடத்திலிருந்து வந்து, தரநிலை இல்லாமலேயே பட்டம் வென்றவர். மூன்றாவது செட்டில் பின்தங்கி நின்றபோது அவர் பதறவில்லை என்றால், அதற்கு அவர் முதல்நிலையில் இருந்தது காரணமில்லை, அதற்கு முன் மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதிகளை ஆடி மூன்றையும் வென்றிருந்தது காரணம்.

எனவே அடுத்த முறை இப்படியொரு இறுதி அமையும்போது வர்ணனையாளர்கள் முதல் புள்ளிக்கு முன்பே நெருக்கடியைப் பங்கு போட்டுத் தர வேண்டாம். புதுமுகம் முதன்முதலாக முன்னிலை பெற்ற பிறகு வரும் அவருடைய சர்வீஸ் கேமைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் சர்வ் உள்ளே விழுகிறதா, இரண்டாவது சர்வின் வேகம் குறைகிறதா, கோட்டை நோக்கி அடிக்கிறாரா, களத்தின் நடுவை நோக்கி அடிக்கிறாரா என்று பார்த்தால் ஆட்டம் எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பக்தாதிஸுக்கு இரண்டாவது வாய்ப்பு வரவில்லை. அதே ஆண்டு விம்பிள்டன் அரையிறுதி வரை போனார், தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார், 2019-ல் ஓய்வு பெற்றார். மெல்போர்னுக்குப் பிறகு இன்னொரு கிராண்ட்ஸ்லாம் இறுதி அவருக்குக் கிடைக்கவில்லை. வீனஸுக்குக் கிடைத்தது. 2000 விம்பிள்டன் காலிறுதியில் ஹிங்கிஸை மூன்று செட்களில் வென்று, பிறகு பட்டத்தையும் வென்றார். அடுத்த சில வாரங்களிலேயே நியூயார்க்கில், 6-0 வாங்கிய அதே ஆர்தர் ஆஷ் அரங்கில், அரையிறுதியில் மீண்டும் ஹிங்கிஸ். மூன்றாவது செட்டில் 5-3 என்று முன்னிலையில் இருந்தவர் ஹிங்கிஸ், அப்போதும் அவர்தான் உலகின் முதல்நிலை வீராங்கனை. அந்தச் செட்டை 7-5 என்று வீனஸ் வென்றார்; ஹிங்கிஸுக்கு அதற்குப் பிறகு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை.