இயற்கை வாசனையானாலும் கிளிக்கு அது ஆபத்துத்தான்

"சாம்பிராணியும் கறுவா எண்ணெயும் இயற்கையானவை, கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பறவைக்கு ஒன்றும் ஆகாது" என்றொரு வாட்ஸ்அப் செய்தி வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சுற்றுகிறது. இது தவறு.

பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒட்சிசனை நம்மைவிட நன்றாக எடுக்கும். நஞ்சையும் அப்படியேதான். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறிய 1986 வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். புகை இயற்கையா செயற்கையா என்று அந்த நுரையீரல் பார்ப்பதில்லை. ஊதுபத்தி, நுளம்புச்சுருள், வாசனை ஸ்பிரே எதுவும் வேண்டாம். இவற்றைவிடப் பயங்கரம், குசினியில் அளவுமீறிச் சூடான நான்ஸ்டிக் சட்டியின் ஆவி. சில நிமிடங்களில் கிளி செத்துவிடும்.

சரி, நாற்றத்துக்கு என்ன வழி? அது பெரும்பாலும் கூண்டின் அடித்தட்டில் இருந்துதான் வரும். தாளைத் தினமும் மாற்றுங்கள், தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். குப்பைவாளி அருகே, பறவைக்கு எட்டாமல், ஒரு கிண்ணம் அப்பச்சோடா போதும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ, உடனே நல்ல காற்றுக்குக் கொண்டுபோய், தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.