பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு ஒரு யாவாரி வேணும்

நம்ம திருநெல்வேலி, தென்காசி பக்கம் கடை, மண்டி, ரைஸ்மில், ஹோட்டல், கம்பெனின்னு நடத்துற அண்ணாச்சிமாருக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க. பள்ளிக்கூடத்துல காய்கறித் தோட்டம் போடுறதுக்கும் பிள்ளைகளுக்கு சமைக்கச் சொல்லிக் குடுக்குறதுக்கும் நீங்க கை குடுக்கணும், அதுவும் ஒரு நாள் வந்து கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போற மாதிரி இல்ல, வருஷம் பூரா கூட நிக்கணும்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர் சார்பா நானும் இருக்கேன். ஒரு பெரிய கம்பெனி வந்து எங்க பள்ளிக்கூடத்துல தோட்டம் போட்டுத் தந்தாங்க, பேரு வேண்டாம். கன்னு வந்துச்சு, மண்புழு உரம் வந்துச்சு, ஆளுயர போர்டு வந்துச்சு. வேலி வரல, தண்ணிக்கு ஏற்பாடும் இல்ல. முழுப்பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு, ஆடு பூந்து தின்னது போக மிச்சம் சித்திரை வெயில்ல கருகிப் போச்சு. ஜூன்ல வந்து பாத்த பிள்ளைய முகத்தப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு, தினம் ஒரு வாளி தண்ணி சுமந்து ஊத்துன பிள்ளைய அதெல்லாம்.

பணம் இல்லாமயா இப்படி நடக்கு? 2013 கம்பெனிச் சட்டத்துல 135-வது பிரிவு இருக்கு. வருஷ லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தின 3 வருஷத்து சராசரி லாபத்துல 2 சதவீதத்த சமூக காரியத்துக்கு செலவழிச்சே ஆகணும். பசி, சத்துக்குறைவு, கல்வி எல்லாமே அந்தப் பட்டியல்ல இருக்கு. "எங்களுக்கு இந்த வருஷம் மட்டும்தான் சார் பட்ஜெட்"னு சிலர் சொல்லுதாங்க, ஆனா 2021-ல வந்த திருத்தப்படி ஆரம்பிச்ச வருஷத்த விட்டுட்டு இன்னும் 3 வருஷம் வரைக்கும் ஒரே திட்டத்த நடத்தலாம். கங்கைகொண்டான் சிப்காட்ல இருக்குற கம்பெனிங்க இதக் கொஞ்சம் யோசிக்கணும். அரசுப் பள்ளிக்குக் குடுக்குறதுக்குன்னே நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டமும் 2022 டிசம்பர்ல இருந்து இருக்கு, வழி தெரியலன்னு யாரும் சொல்ல முடியாது.

என்ன வேணும்னு கேட்டா நான் முதல்ல வேலின்னுதான் சொல்லுவேன். அடுத்து பிள்ளைய சாப்புட்டுக் கை கழுவுற தண்ணிய ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பி விடணும், இதுக்கு ஒரு கொத்தனார் கூலிதான் ஆகும். அப்புறம் லீவு நாள்ல தண்ணி விட ஊர்லயே ஒரு ஆளு, அவங்களுக்கு மாசச் சம்பளம். போட்டோவுல வராத செலவு இது, அதனாலயே யாரும் குடுக்க மாட்டேங்காங்க.

விளைஞ்சா மட்டும் போதாது, சமைக்கணும். சத்துணவுக் கூடத்துப் பெரிய அடுப்புப் பக்கம் பிள்ளைகள விடக்கூடாது, சரிதான். ஆனா கீரை ஆயலாம், பயறு முளைகட்டலாம், எள்ளுத் துவையல் அரைக்கலாம், தேங்கா துருவலாம். மார்கழி தை மாசம் சிறுகிழங்க சாக்குல போட்டு அடிச்சுத் தோல் எடுக்குறது நம்ம வீடுகள்ல எத்தன பிள்ளைகளுக்கு இன்னிக்குத் தெரியும்? ஆம்பளப் பிள்ளையும் சேந்து செய்யணும், அதுல நான் ரொம்பக் கறாரா இருப்பேன். தானே நட்ட கீரைய தானே ஆஞ்சு குடுத்த பிள்ளை தட்டுல ஒதுக்காது, எங்க பள்ளிக்கூடத்துல கண்ணால பாத்தது. ஹோட்டல்காரங்க மாசம் ஒரு நாள் ஒரு மாஸ்டர அனுப்பி வச்சாப் போதும். அமெரிக்காவுல பெர்க்லில 1995-ல பள்ளித் தோட்டத்தையும் சமையலையும் பாடத்தோட சேத்து ஆரம்பிச்ச ஆலிஸ் வாட்டர்ஸும் சரி, ஆஸ்திரேலியாவுல 2001-ல ஆரம்பிச்ச ஸ்டெபானி அலெக்சாண்டரும் சரி, ரெண்டு பேருமே ஹோட்டல் நடத்துனவங்கதான்.

இன்னொண்ணு, பணம் குடுக்குறவங்க பந்தி எப்படி நடக்குன்னும் கேக்கணும். நம்ம சேரன்மகாதேவி குருகுலத்துக்கு தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபா தாரேன்னு சொல்லி முதல்ல 5,000 குடுத்துச்சு, பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடுன்னு தெரிஞ்சதும் மிச்சத்தக் குடுக்க மாட்டேன்னுட்டாரு அப்ப காங்கிரஸ்ல பொறுப்புல இருந்த பெரியார். நூறு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் நம்ம மாவட்டத்துல சாதிக்கு ஒரு கலர்னு கையில கட்டுற கயிற வச்சு பிள்ளைய பிரிஞ்சு நிக்கி. ஒரே பாத்தியில களை புடுங்கி, ஒரே சட்டியில கூட்டாஞ்சோறு பொங்கி, பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடட்டும், அதுக்குக் காசு குடுங்க.

பாக்கெட் தீனி, கலர் டிரிங்க்ஸ் கம்பெனிங்க ஸ்பான்சரா வந்தா மட்டும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமா உள்ள தீனிய பள்ளி வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள விக்கவும் கூடாது விளம்பரம் பண்ணவும் கூடாதுன்னு 2020-லயே விதி வந்தாச்சு. தோட்டத்து வழியா அத உள்ள விடக்கூடாது.

இது நமக்குப் புதுசு ஒண்ணும் இல்ல. விருதுநகர்ல யாவாரிங்க யாவாரத்துல ஒரு சின்னப் பங்க மகமைன்னு பொதுக் காரியத்துக்கு எடுத்து வச்சு, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்துன பள்ளிக்கூடத்துலதான் காமராஜர் படிச்சாரு. அவரு 1956-ல மதிய உணவ எட்டயபுரத்துல ஆரம்பிச்சப்ப அது நம்ம திருநெல்வேலி ஜில்லா, ஊர்க்காரங்க குடுத்த அரிசி பருப்பும் சேந்துதான் அது நடந்துச்சு. இப்ப 2022-ல இருந்து காலைச் சாப்பாடும் அரசாங்கமே போடுது, நாம சேக்க வேண்டியது ஒரு பிடி கீரையும் அதப் பிள்ளைகளே விளைவிக்குற இடமும்தான். பாவூர்சத்திரம், ஆலங்குளம் காய்கறி மண்டிக்காரங்க நெனச்சா நாத்தும் விதையும் ஒரு பெரிய காரியமா?

ஆடிக்கு முன்னால எங்க பள்ளிக்கூடத்துக்கு வேலி போட்டாகணும். அம்பை, கல்லிடை, வீரவநல்லூர் பக்கம் யாருகிட்டயாவது பழைய கல்தூண், கம்பிவலை சும்மா கிடந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, வண்டி நாங்க கொண்டு வாரோம்.