ஜன்னல் மேல் இருந்த டம்ளர்

போன மாதம் அம்மா வீட்டில் என் மகள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நாலரை வயது. பொம்மைகளை வட்டமாக உட்கார வைத்து எல்லோருக்கும் காபி ஊற்றினாள். ஒரு பொம்மை மட்டும் தள்ளி, வாசல் பக்கம். அதற்குக் கொட்டாங்குச்சியில்.

"அது ஏன் அங்க இருக்கு?"

"அது வேலைக்கு வர்ற அக்காம்மா." இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அம்மா வீட்டில் வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர், பின்கட்டு ஜன்னல் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். நானும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்டதில்லை. அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொள்கிறோம். எல்லாம் தெரிகிறது. அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கோடை வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு நிறத்தில் டி-ஷர்ட். சில வகுப்புகளில் டீச்சர் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மற்ற வகுப்புகளில் நிறத்தை வைத்தே உட்கார வைத்தார், வரிசையில் நிறுத்தினார். எந்த நிறம் உசத்தி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரங்களில் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் நிறம்தான் ஒசத்தியாகிவிட்டது. பெரியவர்கள் பிரித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று பிள்ளைகள் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் தென்மாவட்டப் பள்ளிகளில் அது டி-ஷர்ட் இல்லை, கையில் கட்டும் கயிறு. சாதிக்கு ஒரு நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றது. பலர் கயிற்றைப் பற்றியே சண்டை போட்டார்கள். எனக்கு அந்த அகரவரிசைதான் பெரிதாகப் பட்டது. டீச்சர் பிரிக்கும் கை அங்கே நின்றுவிடுகிறது இல்லையா?

ஆனால் கயிறு கட்டும் வயதுக்குப் பல வருஷம் முன்பே டம்ளர் வந்துவிடுகிறது.

அன்றைக்கே அம்மாவிடம் சண்டை போட்டு, அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு அடுக்கில் வைத்தேன். அடியில் ஒரு நசுங்கல் இருக்கும் டம்ளர் அது. மறுவாரம் போனபோது அதில்தான் மகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். "இது அந்த அக்காவோடது. எனக்கு வேண்டாம்."