ஒட் என்ற பெயரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். இனியும் இருக்க முடியவில்லை. எந்தப் பதிவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நோர்வேப் பத்திரிகையில் வந்த ஒரு மரண அறிவித்தலைப் படம் எடுத்து, இறந்தவரின் ஒட் (Odd) என்ற பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து, ‘பெயரே விசித்திரமாம், ஆள் எப்பிடி இருந்திருப்பாரோ’ என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்களுக்கு ‘விசித்திரம்’ என்று பொருள், அதுதான் பகிடி. அந்தப் பதிவுக்கு நானூறுக்கு மேல் சிரிப்புக்குறி. சிரித்தவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். கலியாண வீட்டில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள்.

அந்த அறிவித்தலில் பெயருக்கு மேலே சிறிய எழுத்தில் ‘எங்கள் அன்புக்குரிய’ என்று இருக்கிறது. சிவப்புக் கோடு போட்டவர் அதையும் பார்த்துத்தானே போட்டிருப்பார்?

அந்த ஒட் எனக்குத் தெரிந்தவர். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பெயரை, அது எந்த மொழியில் வைக்கப்பட்டதோ அந்த மொழியில்தான் வாசிக்க வேண்டும். ஒட் ஆங்கிலப் பெயர் இல்லை. நோர்வேஜியப் பெயர். ஒரு பிள்ளை பிறந்ததும் தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர். நோர்வேஜியத்தின் தாய்மொழியான பழைய நோர்ஸ் மொழியில் ‘ஒட்ர்’ என்றால் ஆயுதத்தின் கூர்முனை. ஈட்டி முனை, அம்பு முனை, வாளின் நுனி. நோர்வேயில் இன்றைக்கும் ‘ஒட்டும் எக்கும் கொண்டு காத்தல்’ என்று ஒரு வழக்கு உண்டு. ஒட் என்றால் நுனி, எக் என்றால் வெட்டுவாய். கையில் இருக்கிற ஆயுதம் முழுவதையும் கொண்டு எதிர்த்து நிற்பது என்று பொருள். அந்த எக்கைக் கேட்டுவிட்டு முட்டை என்று சிரிக்கவும் சிலர் வருவார்கள்.

சரி, நாங்கள் ஆங்கிலத்தில்தான் சிரித்தோம் என்கிறீர்களா? அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதுவும் நோர்ஸ் மொழியில் இருந்து எடுத்ததுதான். அங்கே ‘ஒட்டி’ என்றால் நிலத்தின் முனை, முக்கோணத்தின் மூலை. முக்கோணத்துக்கு மூன்றாவது முனை ஒன்று இருக்கிறதல்லவா? அதில் இருந்து ‘மூன்றாவது’ என்ற பொருள் வந்தது. இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்றால் தீர்ப்புச் சொல்கிற மூன்றாவது ஆளுக்கு நோர்ஸ் மொழியில் ‘ஒட்டா மனிதர்’ என்று பெயர். அப்புறம் சோடி இல்லாத எண்ணுக்கு அந்தச் சொல் ஆயிற்று. இன்றும் நோர்வேப் பள்ளிக்கூடத்தில் ஒற்றை எண்ணை ‘ஒட்டெதால்’ என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள், உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை வாங்கினார்கள். ‘விசித்திரம்’ என்ற பொருள் அதற்கு ஏறியது மிகப் பிந்தி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதாவது, இந்த மனிதரின் பெயரைப் பழிக்க நீங்கள் எடுத்த சொல்லே அவருடைய முன்னோர் வீட்டுச் சொல்.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. நோர்வே நானூறு ஆண்டு அளவில் டென்மார்க்கின் கீழ் கிடந்த நாடு. 1814இல் அது முடிய, சுவீடனோடு இணைப்பு. எழுத்து டேனிஷ், பிள்ளைகளுக்கு வைத்தது பெரும்பாலும் ஹன்ஸ், ஊலே, யென்ஸ், பேடர் போன்ற பெயர்கள். பழைய நோர்ஸ் பெயர்கள் பல வழக்கில் இருந்தே மங்கிப்போயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ‘எங்கள் பெயர் எங்கே?’ என்று தேடத் தொடங்கினார்கள். ஹரால்ட், சிகுர்ட், ஒட் எல்லாம் அப்படித் திரும்பி வந்த பெயர்கள். 1905இல் தனி நாடானதும், டென்மார்க்கில் இருந்து அரசராக வந்த கார்ல் இளவரசர் ஹோகன் என்று பழைய நோர்ஸ் பெயருக்கு மாறினார். அலெக்சாண்டர் என்ற பெயரோடு பிறந்த அவருடைய மகன் ஊலாவ் ஆனார். 1925இல் தலைநகரின் பெயரே கிறிஸ்தியானியாவில் இருந்து ஒஸ்லோ ஆயிற்று. அரச குடும்பமும் தலைநகரும் பெயர் மாறிய அந்தக் காலத்தில், கடற்கரைக் குடிசைகளிலும் மலையடி வீடுகளிலும் பிறந்த பிள்ளைகளுக்கு ஒட் என்று வைத்தார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் நோர்வேயில் மிகப் பரவலான ஆண் பெயர்களில் அது ஒன்று. ஒட்வார், ஒட்கெய்ர், ஒட்பியோர்ன் என்றும், பெண் பிள்ளைகளுக்கு ஒட்னி, ஒட்ருன், ஒட்பியோர்க் என்றும் கிளை விட்டது. ஐஸ்லாந்தில் ஒட்டுர். அங்கே பல ஆண்டு பிரதமராக இருந்த தாவித் ஒட்சனின் பெயரில் இருப்பதும் அதுதான், ஒட்டுரின் மகன் என்று. இப்போது பிறக்கிற நோர்வேப் பிள்ளைகளுக்கு ஒட் என்று வைப்பவர்கள் மிகக் குறைவு. பெயர் முதியோர் இல்லங்களிலும் கல்லறைகளிலும்தான் கூடுதலாக இருக்கிறது.

தன் மொழியில் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு சனம் தேடித்தேடி எடுத்த பெயர் இது. அதன் அருமை எங்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

இப்போது என் கதை. 1987 மார்கழி, நோர்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலை. சூரியன் எழாத காலம். எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் அங்கே வேலை செய்தோம். என் பெயர் வேலாயுதம். மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். முழுப்பெயரும் அவருக்கு வாயில் வராது, முதல் பாதியை மட்டும் எடுத்தார். நோர்வேஜிய மொழியில் ‘வெல் வெல்’ என்றால் ‘சரி சரி, போகட்டும்’ என்பதுபோல ஒரு பேச்சு. காலையில் நான் உள்ளே வந்தால் ‘வெல் வெல்!’ என்று சத்தமாகச் சொல்லுவார், முழு மேசையும் சிரிக்கும். ஒவ்வொரு நாளும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மொழி தெரியாது, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றே மூன்று வாரம் விளங்கவில்லை. விளங்கிய அன்றைக்கு இரவு, குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

அந்த மேசையில் சிரிக்காத ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, பெரிய கை, பேச்சுக் குறைவு. ஒருநாள் கோப்பி இடைவேளையில் என் முன்னால் வந்து இருந்து, ஒரு துண்டுக் கடதாசியைத் தள்ளி, ‘உன் பெயரை எழுது, அர்த்தம் என்ன?’ என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஐம்பது சொல்லில் எப்படிச் சொல்வது? ஒரு நீளக் கோடும் அதன் தலையில் இலை போல ஒரு முனையும் கீறிக் காட்டினேன். கோயில், கடவுளின் கையில் இருப்பது என்று எப்படியோ சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எழும்பிப் போய்த் தன் மீன் வெட்டும் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். மெல்லிய, வளைந்த அலகு. விரலை வெட்டுவாய் ஓரமாக ஓட்டி, ‘எக்’ என்றார். விரல் நுனிக்கு வந்து நின்றது. ‘ஒட்’ என்றார். பிறகு அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, ‘ஒட்’ என்றார். நான் கீறிய வேலின் முனையைத் தொட்டு, என் நெஞ்சையும் தொட்டார்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் கருவறையில் இருப்பது முருகன் சிலை அல்ல, வேல். நான் சின்ன வயதில் இருந்து கும்பிட்டது ஒரு வேல்முனையை. பூமியின் உச்சியில், பனிக்குள், அதே பெயரோடு ஒரு மனிதர் என் முன்னால் இருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். வே-லா-யு-தம் என்று ஒவ்வொரு எழுத்தாக. இரண்டு கிழமையில் மற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

1944 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது பின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. ஐம்பதாயிரம் பேர் அளவில் கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். ஆறு வயது ஒட் ஒரு படகில் இருந்து தன் வீடு எரிவதைப் பார்த்தவர். எங்கள் வீடு எரிந்த கதையை நான் சொன்னபோது எந்தக் கேள்வியும் கேட்காமல் கேட்ட ஒரே நோர்வேஜியர் அவர்தான்.

‘ஆள் எப்பிடி இருந்திருப்பாரோ’ என்று எழுதினீர்களே. இப்படித்தான் இருந்தார்.

சிலர் எழுதியிருக்கிறீர்கள், ‘அண்ணை, இது ஒரு பகிடி, பெரிசுபடுத்தாதேங்கோ’ என்று. பகிடி விடுங்கள், ஆனால் மரண அறிவித்தலிலா?

இன்னொருவர், நோர்வேஜியர்களே இந்தப் பெயரை வைத்துச் சிரிக்கிறார்கள், ஒட்டும் ஏவனும் என்று சோடி சேர்த்துப் பகிடி பண்ணுகிறார்கள் என்கிறார். உண்மை, பண்ணுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டு பெயருக்கும் அர்த்தம் தெரியும். ஏவன் (Even) என்பது எய்விந்த் என்ற பழைய பெயரின் சுருக்கம், ஆங்கில இரட்டை எண்ணுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தன் பெயரைத் தானே பகிடி பண்ணுகிறவருக்கு அந்தப் பெயரின் மேல் உரிமை இருக்கிறது. எங்களுக்கு என்ன உரிமை?

‘வெள்ளைக்காரருக்காக ஏன் அழுகிறீர்கள், எங்கள் பெயரைப் பார்த்து வேலைக்கு எடுக்காமல் விடுகிறவர்களைப் பற்றி எழுதுங்கள்’ என்று ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. நியாயமான கேள்வி. அந்த அநியாயம் நடக்கிறது, எனக்கும் நடந்தது. அதைப் பற்றி நான் எழுதாத ஆண்டு இல்லை. ஆனால் தங்கச்சி, எங்கள் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று நாளைக்கு நாங்கள் ஒரு நோர்வேஜியரிடம் போய் நிற்கும்போது, அவர் இந்தப் பதிவை எடுத்துக் காட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னும் ஒரு ஆள், இப்படி ஒரு பெயர் வைத்தால் பிள்ளை எப்படி உலகத்தில் முன்னேறும் என்று கேட்டிருக்கிறார். சேதன இரசாயனம் படித்தவர்களுக்கு சைக்ளோஹெக்சேன் தெரியும், ஆறு காபன் அணுக்கள் வளையமாகக் கோத்த ஒரு சேர்வை. அந்த வளையம் தட்டையாகக் கிடப்பதில்லை, கதிரை போல மடிந்திருக்கும். அதை ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் இருந்து காட்டியவர் ஒட் ஹசல். 1969இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். 1943இல் நாஜிகளின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய், ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருந்த கிரினிச் சிறைமுகாமில் அடைத்தார்கள். அதே கிரினியில் இருந்த இன்னொருவர் ஒட் நான்சன், கட்டடக் கலைஞர். நாடற்றவர்களுக்குக் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுத்த பிரித்யோவ் நான்சனின் மகன். 1936இலேயே அகதிகளுக்கு உதவ ஒரு அமைப்பைத் தொடங்கியவர். பிறகு ஜெர்மனியில் சாக்சன்ஹவுசன் முகாமில் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதி, ரொட்டி வெட்டும் பலகையைக் குடைந்து தாள்களை அதற்குள் மறைத்துக் காப்பாற்றினார். அகதிகளாக வந்த நாங்கள் அந்தப் பெயரைப் பார்த்தா சிரிப்பது?

என் மகளுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தபோது, ஆண் பிள்ளை என்றால் கதிர்வேல் என்று வைப்போமா என்று கேட்டேன். ‘அப்பா, பள்ளிக்கூடத்தில வெல் வெல் எண்டு சொல்லுவினம்’ என்றாள். எனக்கு வாயே எழவில்லை. நான் அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. அவளுக்கும் அதே நடந்திருக்கிறது, அவளும் எனக்குச் சொன்னதில்லை. பேரனுக்கு இப்போது இரண்டெழுத்தில் ஒரு பெயர். எந்த மொழியிலும் அதற்கு அர்த்தம் இல்லை, யாரும் பகிடி பண்ண முடியாது என்பதற்காகவே தேடி எடுத்த பெயர். நல்ல பிள்ளை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று குறைகிறது. அவன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டால் நான் எந்தக் கத்தியை எடுத்துக் காட்டுவேன்?

இந்தக் கதையெல்லாம் எழுத எனக்கு விருப்பம் இல்லை. எழுத வைத்தது வேறொன்று. ஒட்டுடைய பேத்திக்குத் தமிழ்ச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக அந்தப் பதிவு அவளுடைய பக்கத்திலும் போய் விழுந்திருக்கிறது. கீழே மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது, தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தீர்களாக்கும். நேற்றுக் காலை அதை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும்.

வெள்ளிக்கிழமை பகல் அடக்கம். பெட்டியைக் காவும் ஆறு பேரில் ஒருவராக என்னையும் கேட்டிருக்கிறார்கள், வியாழன் விமானத்தில் வடக்கே போகிறேன். பதிவைப் போட்ட தம்பி, உன்னுடைய அப்பாவும் அந்தத் தொழிற்சாலையில் அதே மேசையில் நின்றவர். ஒட் யார் என்று அவரிடம் கேள். நான் அங்கே போய் இறங்குவதற்கு முன் பதிவை எடுத்துவிடு. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.