'பி ஃபார் பாம்பே'யை விட்டுவிடலாம்

பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்குப் போனில் ஸ்பெல்லிங் சொல்லாமல் ஒரு வாரம் ஓடாது. பேங்க், இன்சூரன்ஸ், ஃப்ளைட் டிக்கெட், கேஸ் கனெக்‌ஷன், எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் பார்ட் நம்பர் சொல்லி ஆர்டர் போடுவது, எல்லாமே எழுத்தெழுத்தாகச் சொல்லும் வேலை. எதிர்முனையில் இருப்பவர் கன்னடக்காரராக இருக்கலாம், இந்திக்காரராக இருக்கலாம், குர்கானிலிருந்தோ மணிலாவிலிருந்தோ பேசலாம். இத்தனை பேருக்கு நடுவில் நாம் நம்பியிருப்பது எல்கேஜியில் படித்த 'ஏ ஃபார் ஆப்பிள்'. அது போதாது. பல சமயம் கெடுதலும் செய்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு சொல்லாக, 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று விமானிகள் பயன்படுத்தும் அந்த 26 சொற்களை நாம் எல்லோருமே மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஆங்கில எழுத்துகளில் பி, சி, டி, இ, ஜி, வி என்று ஒரு பெரிய கூட்டமே 'ஈ' ஒலியில் முடிகிறது. இந்தப் பதிவிலேயே பாருங்கள்: 'பி' என்று எழுதினால் அது பிராவோவின் பி-யா (B), பாப்பாவின் பி-யா (P) என்று உங்களுக்குத் தெரியாது. 'டி' என்றால் டெல்டாவா (D), டேங்கோவா (T)? நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம், வாயிலும் நம்மில் பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எம், என் இன்னொரு ஜோடி. எஃப், எஸ் இன்னொன்று. ஏ, ஜே, கே மூன்றும் 'எய்ட்' என்ற எண்ணோடு சேர்ந்து குழம்பும். 'ஜி'யும் 'ஜே'யும் அடிக்கடி இடம் மாறும். கடைசி எழுத்தை நாம் 'இசட்' என்கிறோம், வடக்கே 'ஜெட்', அமெரிக்கர் 'ஸீ'. மூன்று பேரும் ஒரே எழுத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

போன் லைனும் இதற்குத் துணை போகிறது. பழைய தொலைபேசித் தரம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ்' ஒலியையும் 'ஃப்' ஒலியையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் நேரில் தெளிவாகக் கேட்கும் எஸ்ஸும் எஃப்பும் போனில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு பக்கமும் வோல்ட்டி (4ஜி வழியே போகும் அழைப்பு) இருந்தால் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் கால் சென்டர் லைனுக்குள் நுழைந்ததும் பல இடங்களில் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். கத்திச் சொல்வதால் பயனில்லை. சத்தம்தான் கூடுமே தவிர, வெட்டுப்பட்ட ஒலி திரும்பி வராது.

இனி அந்த 26 சொற்கள். வரிசையாக: ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட், கோல்ஃப், ஹோட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லீமா, மைக், நவம்பர், ஆஸ்கர், பாப்பா, கெபெக், ரோமியோ, சியரா, டேங்கோ, யூனிஃபார்ம், விக்டர், விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு. ஹோட்டலில் இரண்டாவது அசையை அழுத்த வேண்டும், பாப்பாவிலும் அப்படியே. லீமா என்பது பெரு நாட்டின் தலைநகர், 'லைமா' இல்லை.

யாரோ அழகுக்காகப் பொறுக்கிய சொற்கள் இல்லை இவை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, மான்ட்ரியல் பல்கலைக்கழக மொழியியலாளர் ழான் பால் வினேயின் உதவியோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்று மொழிக்காரர்களுக்கும் பொருந்துமாறு பட்டியலை உருவாக்கியது. முதல் வடிவம் 1951 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் சிக்கல் தெரிந்ததும் ஐந்து சொற்களை மாற்றினார்கள்: கோக்கா போய் சார்லி வந்தது, மெட்ரோ போய் மைக், நெக்டர் போய் நவம்பர், யூனியன் போய் யூனிஃபார்ம், எக்ஸ்ட்ரா போய் எக்ஸ்ரே. 1956 மார்ச் 1 முதல் இன்றுவரை அதே பட்டியல்தான். ஆல்ஃபாவை அவர்கள் எழுதும்போது 'பி ஹெச்' போடாமல் எஃப் போடுவார்கள், ஏனென்றால் பி-யும் ஹெச்சும் சேர்ந்தால் ஃ ஒலி என்பது எல்லா மொழிக்காரருக்கும் தெரியாது. ஜூலியட்டின் கடைசியில் இரண்டு டேங்கோ, ஏனென்றால் ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர் அதை உச்சரிக்காமல் விழுங்கிவிடுவார். இந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

இதன் உண்மையான பலம் அது மூடிய பட்டியல் என்பதில் இருக்கிறது. கேட்பவர் மனதில் 26 சொற்கள்தான் உண்டு, இருபத்தேழாவது கிடையாது. '...வெம்பர்' என்று பாதி கேட்டாலும் நவம்பர்தான். நம்மில் பலர் ஃ ஒலியைத் தவறவிட்டு 'பாக்ஸ்ட்ராட்' என்று சொல்வோம். ஒன்றும் கெடாது, ஏனென்றால் அப்படி முடியும் சொல் பட்டியலில் வேறு இல்லை. உச்சரிப்புப் பிழையைத் தாங்கிக்கொள்வதால்தான் நம்மைப் போன்ற பன்மொழி ஊருக்கு இது தோதானது.

'ஃபார்' போட்டுச் சொல்லும் வழக்கம் இதற்கு நேர் எதிர். சொல்பவர் மனதுக்குத் தோன்றியதை எடுத்து விடுவார், கேட்பவர் எதையும் எதிர்பார்க்க முடியாது. 'ஜி ஃபார் ஜார்ஜ்' என்றால் கேட்பவர் ஜே போடுவார், ஒலி அதுதானே. 'இ ஃபார் எலிபெண்ட்' என்றால் 'எலி' என்ற தொடக்கத்தைக் கேட்டு எல் போடுபவர் உண்டு. 'பி ஃபார் பால்' என்றால் பந்தா, பால் என்ற ஆளின் பெயரா? ஊர்ப் பெயர் வைத்துச் சொல்வதும் இங்கே ரொம்பப் பரவலாக இருக்கிறது: பாம்பே, சென்னை, டெல்லி, மைசூர், நாக்பூர். மைசூரும் நாக்பூரும் பரவாயில்லை. ஆனால் வி-க்கு வேலூர், டபிள்யூவுக்கு வாரங்கல் என்றால் நம் காதுக்கு இரண்டும் 'வ' தான். கொல்கத்தா கே-யா சி-யா? பேரை மாற்றிய ஊர்களில் எல்லாம் இந்தக் குழப்பம் உண்டு.

அதைவிட மோசமான கோளாறு அந்த 'ஃபார்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டில் 'பி ஃபார் பாம்பே' என்றால், தட்டிக்கொண்டே கேட்பவர் பி போட்டுப் பக்கத்தில் 4 போட்டுவிடுவார். ஃப்ளைட் பிஎன்ஆர் ஆறே இடம்தான், அதில் ஒரு 4 நுழைந்தால் திரையில் 'ரெக்கார்ட் இல்லை' என்று வரும், இரண்டு பேரும் மாறி மாறி முதலிலிருந்து தொடங்குவார்கள். பிராவோ என்று மட்டும் சொல்லுங்கள். ஃபார் வேண்டாம், 'அஸ் இன்' வேண்டாம், எழுத்தைத் தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

நம் பெயர்களுக்கு வருவோம். கயல்விழி என்ற பெயரைப் போனில் சொன்னால் எத்தனை விதமாகக் கெடும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ழகரத்துக்கு நாம் போடும் இசட்டும் ஹெச்சும் வெளியாருக்குப் பழக்கமில்லாத சேர்க்கை. இசட்டை விட்டுவிடுவார், அல்லது ஹெச்சை விட்டுவிடுவார், அல்லது 'அப்படி வராதே' என்று தானாகவே எல் போட்டுத் திருத்திவிடுவார். சொல்ல வேண்டிய முறை இது: "கிலோ ஆல்ஃபா யாங்கி", நிறுத்தம், "ஆல்ஃபா லீமா விக்டர்", நிறுத்தம், "இந்தியா ஸூலு ஹோட்டல் இந்தியா". மொத்தம் பத்து எழுத்து என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், ஒன்று குறைந்தால் அவருக்கே தெரிந்துவிடும். கார்த்திக், கீதா போன்ற பெயர்களில் தகரத்துக்கு நாம் ஹெச் சேர்ப்போம், வடக்கே சேர்க்க மாட்டார்கள். அந்த இடத்தில் "டேங்கோ ஹோட்டல்" என்று கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அண்ணாமலை, பொன்னம்மாள் போன்றவற்றில் இரட்டை எழுத்துக்கு 'டபுள்' என்று சொல்லாமல் "நவம்பர் நவம்பர்" என்றே இரண்டு முறை சொல்லுங்கள். டபுளுக்குப் பின்னால் யூ வந்தால் அது டபிள்யூ ஆகிவிடும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். பான், ஆதார், பேங்க் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் இணைப்பு நிற்கும், அதைத் திருத்த அலையும் அலைச்சலை ஒப்பிட்டால் போனில் கூடுதலாக இருபது விநாடி பெரிய விஷயமில்லை.

குறியீடுகளின் அமைப்பைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிப் பிழையைச் சொல்லும்போதே பிடிக்கலாம். பேங்க் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி 11 இடம்: முதல் நான்கு பேங்கின் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், அது 'ஓ' கிடையாது. கனரா பேங்க் என்றால் "சார்லி நவம்பர் ரோமியோ பிராவோ, ஸீரோ". பூஜ்யத்தை 'ஓ' என்று சொல்லும் பழக்கத்தை முழுதாக விட வேண்டும், ஓ வந்தால் ஆஸ்கர். பான் நம்பர் ஐந்து எழுத்து, நான்கு எண், ஒரு எழுத்து. தனிநபருக்கு நான்காவது எழுத்து பாப்பா. சிக்பேட்டை வியாபாரிகள் தினமும் சொல்லும் ஜிஎஸ்டி நம்பர் 15 இடம்: கர்நாடகம் என்றால் முதலில் 29, பிறகு பான் நம்பரின் பத்து, பதிமூன்றாவது பதிவு எண், பதினான்காவது வழக்கமாக ஸூலு, கடைசியில் சரிபார்ப்பு எழுத்தோ எண்ணோ. வண்டி இன்சூரன்ஸுக்குச் சொல்லும் சேஸிஸ் நம்பர் 17 இடம், அதில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. கேட்பவர் ஆஸ்கர் என்று திருப்பிச் சொன்னால் அங்கே தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்களுக்கும் விமானக்காரர்கள் உச்சரிப்பு வைத்திருக்கிறார்கள். ஐந்துக்கு 'ஃபைஃப்', ஒன்பதுக்கு 'நைனர்', ஏனென்றால் ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். நமக்கு அது கட்டாயமில்லை. கட்டாயமானது, ஒவ்வொரு எண்ணாகச் சொல்வது. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் பிரியாது. தமிழில் ஒன்பதும் எண்பதும், கன்னடத்தில் ஒம்பத்தும் எம்பத்தும் அதே சிக்கல். மெடிக்கல் ஷாப்புக்கு மருந்தின் அளவைச் சொல்லும்போது இது விளையாட்டில்லை: "ஒன் ஃபைவ்" அல்லது "ஃபைவ் ஸீரோ" என்று பிரித்தே சொல்லுங்கள், மருந்துப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.

திருப்பிச் சொல்ல வைப்பது இல்லையென்றால் மேலே சொன்ன அத்தனையும் பாதி வேலைதான். முதலில் முழுச் சொல்லை ஒருமுறை சொல்லி, ஸ்பெல்லிங் சொல்லப்போகிறேன் என்று அறிவித்து, எத்தனை இடம் என்று சொல்லி, மூன்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றுக்குப் பின் அவர் தட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், ஒரே மூச்சில் பத்து எழுத்தையும் கொட்டிவிடுவார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் "கரெக்‌ஷன்" என்று சொல்லி அந்தக் கொத்தை மட்டும் மறுபடி சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் "சே அகெய்ன்". ராணுவத்தில் ரேடியோவில் 'ரிப்பீட்' என்று சொல்லமாட்டார்கள், பீரங்கிப் படைக்கு அது மறுபடி சுடு என்ற உத்தரவு. கடைசியில் அவர் திருப்பிச் சொல்லும்போதும் இதே சொற்களில்தான் சொல்ல வேண்டும். அவர் வெறும் 'பி, டி' என்று திருப்பினால் நீங்கள் ஒன்றையும் சரிபார்க்கவில்லை. ஓடிபி மட்டும் விதிவிலக்கு, அதை எந்த முறையிலும் யாருக்கும் போனில் சொல்லக் கூடாது.

"எதிரில் இருப்பவருக்கு இது தெரியாதே" என்பார்கள். கொரியர் ஆபீஸ் பையனுக்கோ கேஸ் ஏஜென்சியில் இருப்பவருக்கோ கெபெக்கும் யாங்கியும் புரியாமல் போகலாம், உண்மைதான். அப்போது குழப்பம் தரும் எழுத்துகளுக்கு மட்டும் சொல்லுங்கள். டெல்டா, பிராவோ, இந்தியா, ஹோட்டல், டேங்கோ எல்லாம் தெரியாதவருக்கும் முதல் எழுத்து விளங்கும். க்யூ வந்தால் 'கெபெக், க்யூ' என்று சேர்த்துச் சொல்லலாம். புரியாத ஒருவருக்காகப் பட்டியலையே கைவிட வேண்டியதில்லை. நமக்கென்று 'அம்மா, பாட்டி' என்று தமிழ்ச் சொற்களில் புதுப்பட்டியல் போடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் மறுமுனையில் இருப்பவர் தமிழர் இல்லை, அவருக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

பழகுவதற்கு இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரம் முழுக்க முன்னால் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். கர்நாடக வண்டி "கிலோ ஆல்ஃபா", ஓசூர் பக்கமிருந்து வந்தது "டேங்கோ நவம்பர்". நம்பருக்கு நடுவில் வரும் இரண்டு எழுத்தில் மீதி எழுத்துகள் பெரும்பாலும் வந்துவிடும். பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சொல்ல வைத்தால் அவர்கள் நமக்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

தமிழுக்குள் ஸ்பெல்லிங் சொல்ல நமக்கே ஒரு நல்ல முறை இருக்கிறது, அதையும் மறந்துகொண்டிருக்கிறோம். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்: ண, ந, ன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த எழுத்து வருமோ அதையே பெயராக வைத்திருக்கிறார்கள், ண்ட, ந்த, ன்ற. மூணு சுழி, ரெண்டு சுழி என்பதும் தெளிவானதுதான். சிறப்பு ழகரம், வல்லின றகரம் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. பெங்களூரில் கல்யாணப் பத்திரிகை தமிழில் அடிக்கக் கொடுக்கும்போது, டைப் செய்பவர் தமிழ் பேசுவார் ஆனால் கன்னடப் பள்ளியில் படித்தவராக இருப்பார், எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும். அவரிடம் 'பெரிய ர' என்று சொல்லாமல் "வல்லின ற, கன்றுக்குட்டியில் வருமே அது" என்று சொல்லுங்கள். வாட்ஸப்பில் எழுதியும் அனுப்புங்கள், ப்ரூஃப் வந்ததும் பெயர்களை மட்டும் அவரைப் போனில் எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.