கைதட்டிச் சுனையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்

மூன்று நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் என் அக்கா மகனே அந்த வீடியோவைப் போட்டு, கீழே நாலு சிரிப்பு பொம்மையும் வைத்திருந்தான். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

மலையில் ஓடுகிற ஒரு பையன் எடுத்துப் போட்டு, எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிற வீடியோ அது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடுகிற வெள்ளியங்கிரி, அதில் மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனைப் பக்கம். ஒரு பெரியவர் மூங்கில் தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி, அதன் மேல் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். வெறுங்கால். பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அவரைத் தாண்டி ஓடுகிற பையன் கேமராவை முகத்துக்கு நேரே கொண்டுபோய், "என்ன பெருசு, அவுட்டா?" என்று கேட்கிறான். கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். பெரியவரும் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. மூச்சு இன்னும் அடங்காமல், என்ன கேட்டார்கள் என்றே புரியாமல், சின்னப் பிள்ளைகள் ஏதோ பேசுகிறார்களே என்று மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு அது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். உட்கார்ந்தவர் அவுட் ஆனவர் இல்லை. வெள்ளியங்கிரி உட்கார்ந்து உட்கார்ந்து போக வேண்டிய மலை. அந்த வழியே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அடிவாரத்துப் பூண்டிக் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைத்தால் முதல் மலையே உயிரை எடுத்துவிடும். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். அந்த மலை முடிகிற இடத்தில் வெள்ளை விநாயகர் இருக்கிறார். ஏறி வந்தவன் அங்கே உட்காராமல் வேறு என்ன செய்வான்? அப்புறம் வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களி உருண்டை, ஆண்டிச் சுனை. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதில் ஒரு பெயராவது ஓடிக்கொண்டிருந்தவன் வைத்த பெயரா? ஒரு பாறை களியை உருட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று தோன்றுவதற்கு, ஒருவன் பசியோடு அதன் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கைதட்டிச் சுனையில் கை தட்டினால் தண்ணீர் வரும் என்பார்கள். தட்டிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும், குழாயைத் திறந்த மாதிரி கொட்டாது. நமக்கு முன்னால் நடந்தவர்கள் தாங்கள் உட்கார்ந்த இடங்களுக்குத்தான் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இத்தனையையும் இத்தனை நிமிடத்தில் தாண்டினேன் என்று பெருமை பேசுகிறான் அந்தப் பையன்.

"இளவட்டங்கள், உடம்பில் தெம்பு இருக்கிறது, ஓடுகிறார்கள், அதில் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். ஓடட்டும். தெம்பு இருப்பது நல்லதுதான், நான் பொறாமைப்படவில்லை. ஆனால் அந்த மலையில் ஓடுகிறவர்களுக்கென்று தனிப் பாதை கிடையாது. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் சீசன், அந்த நாலு மாதமும் இருட்டில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே பாதையில் ஏறுகிறார்கள், அதே பாதையில் இறங்குகிறார்கள். இறங்குகிறவன் ஓடினால் அவன் காலில் பட்ட கல் கீழே ஏறி வருகிறவன் முட்டியில்தான் விழும். நெற்றியில் கட்டிய லைட்டை எதிரில் வருகிறவர் கண்ணில் அடித்தால் அவருக்கு அடுத்த படி தெரியாது. யானை நடமாடுகிற காடு அது, அங்கே ஸ்பீக்கரில் பாட்டு வேறு. சரி, இதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். ஓடுகிறவன் ஓடிக்கொண்டே போயிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியே இருக்க மாட்டேன். அவன் நின்றான். சுனையில் நிற்கவில்லை, சாமிக்காக நிற்கவில்லை, ஒரு கிழவரைப் பார்த்துச் சிரிப்பதற்காக நின்றான்.

இதைவிட என்னை வருத்தியது பெரியவருக்குப் பரிந்து பேசினவர்களின் பேச்சு. "நெற்றியைப் பாருங்கள், திருநீற்று மலையில் எடுக்கிற வெள்ளை மண் பூசியிருக்கிறார். அவர் மேலே போய்விட்டுத் திரும்புகிறவர். அவர்தான் ஜெயித்தவர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு எக்கச்சக்கமான லைக். நானும் அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தேன். தடியிலிருந்து தலையை நிமிர்த்தும்போது நெற்றியில் ஈரம் காயாத வெள்ளைப் பூச்சு தெரிகிறது. உண்மைதான். அதனால் என்ன? நெற்றியில் மண் இல்லாமல் இருந்திருந்தால் சிரிக்கலாமா? மூன்றாவது மலையோடு திரும்பிப் போகிறவராக இருந்திருந்தால் அந்தப் பையன் கேட்டது சரியாகிவிடுமா? இரண்டு பக்கமும் ஜெயிப்பு, தோற்பு என்றே பேசினால் சாமி கும்பிடப் போனவரை யார் பார்ப்பது?

அடுத்த கேள்வியும் வரும் என்று தெரியும். "வயதானவர்கள் ஏன் வர வேண்டும்? இதய நோய், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் ஏறாதீர்கள் என்று வனத்துறையே சொல்கிறதே. சீசனுக்குச் சீசன் சாவுச் செய்தி வருகிறதே. டோலி கட்டித் தூக்கி வருகிறவனும் மனுஷன்தானே?" ஒப்புக்கொள்கிறேன். டாக்டரைப் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது. ஆனால் இதைக் கேட்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தச் செய்திகளில் வாலிபப் பிள்ளைகளும் இருந்தார்களே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? பெரியவர் தன் மூச்சு தெரிந்து உட்காருகிறார். வனத்துறை சொல்கிற கவனத்தைத்தான் அவர் கடைப்பிடிக்கிறார். அதைப் பார்த்தா அவுட் என்பது?

இதற்கு மேல் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

2009, பங்குனி மாதம். எனக்கு 23 வயது, அப்பாவுக்கு 58. அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தோம். என்னோடு கூட்டாளிகள் மூன்று பேர். வெள்ளை விநாயகர் கோயிலில் அப்பா உட்கார்ந்தார். இரண்டாவது மலையில் மூன்று தடவை உட்கார்ந்தார். கூட்டாளிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அதைக் கவனித்துவிட்டு, "நீங்க போங்க கண்ணு, நான் மெதுவா வாறேன்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

விடியும்போது நான் ஏழாவது மலையில் இருந்தேன். மேகம் காலுக்குக் கீழே இருந்தது. போட்டோ எடுத்தோம். குகைக்குள் சுயம்பு லிங்கத்தைக் கும்பிட்டபோது அப்பாவின் நினைவு வந்ததா என்று இப்போது யோசித்தாலும் பதில் இல்லை.

இறங்கி வரும்போது ஐந்தாவது மலையில் ஒரு பாறை மறைவில் அப்பா உட்கார்ந்திருந்தார். அங்கே அடிக்கிற காற்று போனவர்களுக்குத் தெரியும், போர்த்தின துணியைப் பிடுங்கிக்கொண்டு போகும். அப்பாவும் முன்பின் தெரியாத ஒருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் அப்பாவின் வலது பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பல்லடம் பக்கம், தறி ஓட்டுகிறவராம். கூட வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அப்பாவோடு இருந்துவிட்டார். என்னைப் பார்த்ததும், "உங்க பையனுங்களா?" என்று கேட்டார். அப்பா அவரிடம், "ஆமாங்க. கெட்டிக்காரன், ஏழும் ஏறிட்டான்" என்றார்.

கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட இத்தனை வருடம் என்னை அது அறுத்திருக்காது.

மேலே கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் கண்ணு, இங்கிருந்தே கும்பிட்டுக்கிட்டேன்" என்று, ஏழாவது மலை இருக்கிற திசையைக் காட்டினார். அவர் முகத்தில் குறை எதுவும் இல்லை. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி என்பார்கள். இறங்கும்போது அவருக்கு முட்டி மடங்கவில்லை. பல்லடத்துக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடிவாரம் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. 2015ல் அப்பா இறந்துபோனார். அதற்கு நடுவில் இன்னொரு தடவை மலைக்குப் போக வாய்க்கவில்லை. அவருடைய தடி இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கல்லில் ஊன்றி ஊன்றி அதன் அடிமுனை பிரஷ் மாதிரி நார் நாராகப் பிரிந்திருக்கிறது. என்னுடைய தடியின் முனை அந்த அளவுக்குப் பிரியவில்லை. நான் அவ்வளவாக ஊன்றவில்லை.

என் அக்கா மகனுக்கு அவன் தாத்தாதான், என் அப்பாதான், மடியில் வைத்துக் காது குத்தினார். அந்தத் தாத்தாவும் இப்படித்தான், இதே மலையில், தடியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யார் கையிலும் இந்தக் கேமரா இல்லாமல் போனது எங்கள் நல்ல நேரம். மாப்பிள்ளை, நீ சிரித்தது யாரைப் பார்த்து என்று நினைத்துக்கொண்டாய்?

"ஒரு ஜோக், அதை ஜோக்காக எடுத்துக்கொள்ளுங்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. அந்தப் பெரியவரின் முகத்தைக்கூட மறைக்கவில்லை. அவருக்கும் ஒரு ஊர் இருக்கும், டீக்கடை இருக்கும், போன் வைத்திருக்கிற பேரப்பிள்ளை இருக்கும். வீடியோவைப் போட்ட தம்பி, எடுத்துவிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், எடுத்தால் போதும். பகிர்ந்தவர்களும் அழித்துவிடுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம் சித்தப்பாவோடு மலைக்குப் போகிறேன். அவருக்கு 64. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, இ.சி.ஜி.யும் பார்த்தாகிவிட்டது. வெள்ளை விநாயகர் கோயிலிலேயே ஒரு மணி நேரம் உட்காருவேன், அவசரப்படுத்தாதே என்று இப்போதே சொல்லிவிட்டார். அப்பாவின் தடியைத்தான் அவருக்குக் கொடுக்கப் போகிறேன். பாதை ஓரத்தில் எங்களைப் பார்த்தால் தாராளமாகத் தாண்டிப் போங்கள், ஒதுங்கி வழி விடுகிறோம். கேமராவை மட்டும் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.