பெட்ஷீட்டுக்கு எர்த் கேட்பவர்களுக்கு

திருச்சியில் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். முன்பெல்லாம் வேலை முடித்துக் கிளம்பும்போது இன்வெர்ட்டர் எவ்வளவு போடலாம், ஏசிக்குத் தனி லைன் வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். இப்போது கொஞ்ச நாளாக வேறு கேள்வி வருகிறது. உள்ளே போய் ஒரு பெட்ஷீட்டை எடுத்து வந்து விரிக்கிறார்கள். அதில் வெள்ளி நூல் கட்டம் கட்டமாக ஓடுகிறது, ஓரத்தில் ஒரு பட்டன், பட்டனிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் ஒரு பிளக். இதை எர்த்தில் மாட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் நன்றாக வருமாம், மூட்டு வலி போகுமாம், பிபி குறையுமாம், "எங்க வீட்டு எர்த் நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்கிறார்கள். பெட்ஷீட் மட்டும் என்றில்லை. காலுக்கு மேட், கைக்குப் பட்டை, தலையணை உறை என்று குடும்பமே இருக்கிறது. விலை எல்லாம் ஆயிரங்களில்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான். வீடு கட்டி முப்பது வருஷமாக எர்த் என்று ஒன்று இருப்பதையே நினைக்காதவர்கள் இப்போதாவது நினைக்கிறார்களே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் போகிறவர்கள் போகலாம். மண்ணில், புல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டுமா, தாராளமாக நடங்கள், சர்க்கரை நோய் இருப்பவர்களைத் தவிர. ஆனால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டோடு உங்கள் உடம்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்காதீர்கள். அதுவும் நம் ஊர் வீடுகளில், நம் ஊர் வயரிங்கை வைத்துக்கொண்டு, கண்டிப்பாக வேண்டாம்.

ஏன் என்று சொல்ல எர்த் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக் பாயின்ட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். பிளக்கிலும் அந்தப் பின் மட்டும் தடியாக, நீளமாக இருக்கும், சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக. கிரைண்டருக்குள் வயர் உரசி பாடியில் கரன்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். அந்தக் கரன்ட் உங்கள் கை வழியாக இறங்காமல் பச்சை வயர் வழியாக ஓடி, வெளியே புதைத்திருக்கும் எர்த் பிட்டுக்குப் போக வேண்டும், போகிற போக்கில் பியூஸையோ எம்சிபியையோ தட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று வீட்டில் உள்ள எல்லா எர்த் பின்னும் கடைசியில் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. வீட்டில் கசிகிற கெட்ட கரன்ட்டுக்கெல்லாம் அது சாக்கடைக் குழாய் மாதிரி. அந்தக் குழாயில்தான் நீங்கள் பெட்ஷீட்டை மாட்டிக்கொண்டு படுக்கிறீர்கள்.

குழாய் ஒழுங்காகப் போய்ச் சேர்கிற வீடாக இருந்தால் பெரிய பயம் இல்லை. ஆனால் நான் கழற்றிப் பார்க்கிற வீடுகள் எப்படி இருக்கின்றன தெரியுமா? உறையூர் பக்கம் பழைய வீடுகளில் பச்சை வயரே ஓடியிருக்காது, மூன்று ஓட்டை பாயின்ட் அழகுக்கு இருக்கும். சில வீடுகளில் சுவிட்ச் பாக்ஸ் வரைக்கும் பச்சை வயர் வந்திருக்கும், ஆனால் எதிலும் மாட்டாமல் சுருட்டி உள்ளே திணித்திருப்பார்கள். பிட்டுக்குப் போகும் ஜிஐ கம்பி துருப்பிடித்து அறுந்து, மேலே காம்பவுண்ட் சுவர் ஓரமாக டைல்ஸ் ஒட்டிவிட்டிருப்பார்கள், பிட் எங்கே என்றே வீட்டுக்காரருக்குத் தெரியாது. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பிட்டுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கட்டிய மேஸ்திரி சொல்லியிருப்பார், யார் ஊற்றுகிறார்கள்?

இதெல்லாவற்றையும் விட மோசமானது ஒன்று உண்டு. புது வாஷிங் மெஷின் பொருத்த வருகிறவர் "எர்த் இல்லை, எர்த் இல்லாமல் கனெக்‌ஷன் தர மாட்டேன்" என்பார். உடனே யாரையோ கூப்பிட்டு, பாயின்ட்டுக்கு உள்ளேயே நியூட்ரலிலிருந்து (கரன்ட் திரும்பிப் போகிற வயர்) ஒரு சின்ன வயரை வளைத்து எர்த் ஓட்டையில் மாட்டிவிடுவார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பது போலவே காட்டும். எல்லோருக்கும் நிம்மதி. ஒரு நாள் மெயினிலோ கம்பத்திலோ நியூட்ரல் கழன்றால், எரிந்துகொண்டிருக்கும் ஒரு பல்பு வழியாகவே ஃபேஸ், அதாவது கரன்ட் வருகிற லைன், சுற்றி வந்து அந்த எர்த் ஓட்டையில் நிற்கும். மெஷினின் தகரத்தில் 230 வோல்ட். அதே பாயின்ட்டில் உங்கள் பெட்ஷீட் மாட்டியிருந்தால் பெட்ஷீட்டிலும்தான்.

"சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தானே படுக்கிறோம்" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, நிறையப் பேருக்கு இருக்கிற சந்தேகம்தான். சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும். எர்த்துக்குச் சுவிட்சே கிடையாது, அது எப்போதும் சேர்ந்தே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆகவே மாடியில் கீசரின் காயிலில் ஓட்டை விழுந்து, வெளியே பிட் காய்ந்து கிடந்தால், கீழ் ரூமில் ஆஃப் செய்து வைத்த பாயின்ட்டின் எர்த் ஓட்டைக்கும் அந்த வோல்டேஜ் வந்து சேரும்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். உருப்படியான கம்பெனிகள் அந்த வயருக்குள் ஒரு லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர், அதாவது கரன்ட்டை மட்டுப்படுத்துகிற சின்னப் பாகம், வைக்கிறார்கள். அது இருந்தால் 230 வோல்ட் முழுசாக வந்தாலும் உடம்பில் 2.3 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. சுரீர் என்று எழுந்து உட்காருவீர்கள், உயிருக்கு ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் கணக்கே வேறு. வியர்த்து ஈரமான உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் வரைக்கும் இறங்கும், அப்போது 230 மில்லி ஆம்பியர். பத்துச் சொச்சத்திலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிக்கொள்ளும், முப்பதைத் தாண்டினால் இதயத்துக்கே ஆபத்து. மலிவு விலைக்கு ஆன்லைனில் வாங்கியதில் அந்த ரெசிஸ்டர் இருக்கிறதா? மல்டிமீட்டர் வைத்திருக்கிற யாரிடமாவது, பிளக்கைச் சுவரில் மாட்டாமல், பின்னுக்கும் பட்டனுக்கும் நடுவில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் காட்டினால் சரி. ஒன்று, இரண்டு ஓம் என்று காட்டினால் அதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் தானம்கூடக் கொடுக்காதீர்கள்.

வாங்குகிறவர்களாவது பரவாயில்லை. அலுமினிய ஃபாயிலைப் பாய்க்கு அடியில் விரித்து, அதிலிருந்து ஒரு வெறும் வயரை எடுத்து "மேல் ஓட்டையில் சொருகுங்கள், செலவே இல்லை" என்று வீடியோ போடுகிறார்கள் பாருங்கள், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ரெசிஸ்டர் கிடையாது, பிளக் கிடையாது, தூக்கக் கலக்கத்தில் கீழ் ஓட்டையில் சொருகினால் கதை முடிந்தது. சரியாகவே சொருகினாலும் நீங்கள் நல்ல எர்த்தோடு கட்டிப்போடப்பட்ட ஆள். அந்த நிலையில் இன்சுலேஷன் கிழிந்த செல்போன் சார்ஜரையோ டேபிள் ஃபேனையோ தொட்டால், கரன்ட் இறங்குவதற்கு உங்கள் உடம்பைவிட நல்ல வழி அந்த அறையில் இருக்காது. மின்வாரிய அலுவலகத்தில் பேனலுக்கு முன்னால் கறுப்பு ரப்பர் மேட் விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் ரப்பர் செருப்பு இல்லாமல் வேலைக்கு ஏறுவதில்லை. கரன்ட்டோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தங்களைப் பூமியிலிருந்து பிரித்து வைக்கத்தான் பாடுபடுகிறோம், நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

சரி, ஆபத்து கிடக்கட்டும், பலனாவது உண்டா? இந்த மேட் வியாபாரத்தின் மூலவர் கிளின்ட் ஓபர் என்ற அமெரிக்கர். டாக்டரோ விஞ்ஞானியோ இல்லை, கேபிள் டிவி தொழிலில் இருந்தவர். கேபிளை எர்த் செய்தால் படத்தில் இரைச்சல் குறைகிறது, மனிதரையும் அப்படிச் செய்தால் என்ன என்று 1990களின் கடைசியில் அவருக்குத் தோன்றியது. (நம்ம தெரு கேபிள்காரருக்கு இது தோன்றாமல் போய்விட்டது.) அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளைத்தான் விளம்பரத்தில் அறிவியல் நிரூபித்தது என்று போடுகிறார்கள். 2004-ல் வந்தது 12 பேரை வைத்து. 8 வாரம் எர்த் செய்து தூங்க வைத்து கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனைப் பார்த்தார்கள், மேட் இல்லாமல் படுத்த இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிடவில்லை. 2013-ல் ரத்தம் இளகுகிறது என்று வந்தது 10 பேரை 2 மணி நேரம் உட்கார வைத்து. அதோடு, இந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் சிலர், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் எர்த்திங் கம்பெனியில் தங்களுக்குச் சிறு பங்கு இருப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். மறைக்கவில்லை, அதற்குப் பாராட்டு. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து மூட்டு வலி, பிபி, தூக்கம் எல்லாம் தீரும் என்று எப்படிச் சொல்வது?

பூமியிலிருந்து எலக்ட்ரான் ஏறி உடம்பில் உள்ள ஃப்ரீ ராடிகலை (செல்களைக் கெடுக்கிற மூலக்கூறுகள்) அழிக்கும் என்கிற விளக்கமும் எனக்கு ஒட்டவில்லை. பாசிட்டிவாக இருப்பதைத்தான் நெகட்டிவ் வந்து சரிசெய்யும் என்கிறார்கள். உடம்பில் உருவாகும் முக்கியமான ராடிகலான சூப்பர் ஆக்சைடு ஏற்கெனவே நெகட்டிவ். ஹைட்ராக்சில் என்று இன்னொன்று, அதற்குச் சார்ஜே கிடையாது. அப்புறம், காலை மண்ணில் வைத்தவுடன் உடம்பில் தேங்கியிருக்கும் ஸ்டாட்டிக் சார்ஜ் கண் இமைக்கும் நேரத்துக்குள் சமமாகிவிடும், அதோடு முடிந்தது. ராத்திரி முழுக்கக் குழாயில் தண்ணீர் பிடிப்பது போல எலக்ட்ரான் ஏறிக்கொண்டே இருக்காது.

இதையெல்லாம் விட பெரிய சாட்சி நம்மிடமே இருக்கிறது. என் அப்பத்தா லால்குடிப் பக்கம் வயலில் நடவு, களை என்று வாழ்நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர். கல்யாணம் காட்சிக்குத்தான் செருப்பு. வீட்டில் மண் தரை, படுப்பது கோரைப்பாய். இதைவிடப் பெரிய எர்த்திங் உலகத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. ஐம்பது வயதில் முட்டி வலி வந்தது, பிபி வந்தது, காலில் பித்தவெடிப்பு, விரலிடுக்கில் சேற்றுப்புண். அவரோடு நடவுக்குப் போன எல்லோருக்கும் அப்படித்தான். மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தாலே வலி போகுமென்றால் டெல்டாவில் முட்டி வலித் தைலம் விற்கவே கூடாது. அமெரிக்காவில் கார்ப்பெட்டும் ஷூவுமாக வாழ்கிறவருக்கு இது புதுசாகத் தெரியலாம், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற நமக்கு என்ன வந்தது?

அப்போ காலையில் பூங்காவில் புல் மேல் நடக்கிறவர்கள் நல்லா இருக்கு என்கிறார்களே, பொய்யா? பொய் இல்லை. எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. இளவெயில், போனைப் பார்க்காத அரை மணி நேரம், மெதுவான நடை, பாதத்தில் தூங்கிக்கிடந்த சின்னச் சின்னத் தசைகள் வேலை செய்வது, இவ்வளவும் சேர்ந்தால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். பூங்காக்களில் எட்டு போட்டு நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் கூழாங்கல் பதித்து வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரிக் கல் பாய் மேல் 60 வயதைத் தாண்டிய 108 பேரை வைத்து அமெரிக்காவின் ஓரிகானில் 16 வாரம் பார்த்து 2005-ல் எழுதினார்கள். கல் மேல் நடந்தவர்களுக்குச் சாதாரணமாக நடந்தவர்களைவிட உடல் சமநிலையும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. அதில் வயரும் இல்லை, எர்த்தும் இல்லை.

ஆனால் எல்லோரையும் வெறுங்காலோடு போ என்று சொல்ல மாட்டேன். திறந்தவெளியில் மலம் கழிக்கிற பழக்கம் மிச்சமிருக்கிற இடங்களில் ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும், அது பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறி, குடலில் போய் ஒட்டி ரத்தம் குடிக்கும். 2015-லிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். சர்க்கரை நோயாளிகள் விஷயம் இன்னும் கறார். ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தினது தெரியாது, சூடு பட்டது தெரியாது, புண்ணைப் பார்க்கும்போது விரல் கறுத்திருக்கும். வீட்டுக்குள்ளேயே எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ வெறுங்காலோடு நட என்கிறது. தயவுசெய்து டாக்டர் பேச்சைக் கேளுங்கள்.

மேட்டுக்கு வைத்திருந்த காசை என்ன செய்வது என்று கேட்டால், எனக்கு ஒரு பதில் இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வாங்கி மெயினுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். யார் உடம்பு வழியாகவாவது கரன்ட் பூமிக்குக் கசிய ஆரம்பித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் அது விழுந்து கரன்ட்டை வெட்டிவிடும். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அப்படியே எலக்ட்ரீஷியனை எர்த் டெஸ்டர் கொண்டு வரச் சொல்லி பிட்டின் ஓம் என்ன என்று பாருங்கள், 5-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நியூட்ரலை வளைத்து எர்த்தில் போட்டிருக்கிறார்களா என்று பாயின்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கமென்ட்டில் எந்த மேட் நல்ல கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆர்சிசிபி போட்டால் அடிக்கடி விழுகிறதே என்று கேளுங்கள், அது நிறைய வீட்டில் இருக்கிற பிரச்சினை, பெரும்பாலும் கீசரிலோ பழைய மோட்டாரிலோதான் கசிவு இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன்.